அம்பத்தூர் ஆடிட்டர் அறைக்குள் ஒரு எட்டு

மார்ச் 31 காலை ஏழு மணிக்குப் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். மின்சார ரயில் நின்றதும் தோளில் லேப்டாப் பை, கையில் கிளிப் அட்டை, பாக்கெட்டில் பச்சைப் பேனா என்று இளவட்டங்கள் குதித்து இறங்கும். எல்லாம் ஆர்ட்டிகிள் பிள்ளைகள். சி.ஏ. படிப்புக்காக ஏதோ ஓர் ஆடிட்டரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். நார்த் ஃபேஸுக்கு நாலு பேர், சவுத் ஃபேஸுக்கு ஆறு பேர் என்று பிரிந்து எஸ்டேட்டுக்குள் மறைந்துவிடுவார்கள். அன்றைக்கு அவர்களுக்கு ஒரே வேலை, எண்ணுவது. போல்ட், புஷ், ஸ்பிரிங், ராடு, ஷீட், மூலை டிரம்மில் கிடக்கும் ஸ்கிராப் வரைக்கும் எண்ண வேண்டும்.

எனக்கு அதற்கு முதல் நாள் இரவே தூக்கம் போய்விடும். இருபது வருஷமாக இதே ஊரில் ஆடிட் ரிப்போர்ட் எழுதுகிறேன். இன்னும் அந்தப் பரபரப்பு அடங்கவில்லை! ரிப்போர்ட் என்றால் ஏ.சி. அறையில் உட்கார்ந்து தட்டும் நாலு பக்கம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அந்த நாலு பக்கம் செப்டம்பரில்தான் அச்சாகும். அதன் முதல் வரி பிறப்பது இங்கே, கட்டிங் ஆயில் வாசனைக்கு நடுவில், ஒரு பதினெட்டு வயதுப் பையன் தராசுத் தட்டைக் குனிந்து பார்க்கும் அந்த நொடியில்.

வாருங்கள், உள்ளே கூட்டிப் போகிறேன். கம்பெனிப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். வாடிக்கையாளர் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வது, 1949-ஆம் ஆண்டின் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் சட்டப்படி எங்கள் தொழிலில் குற்றம். பெயர் இல்லாமலே கதை நன்றாக இருக்கும்.

அம்பத்தூர் எஸ்டேட் 1964-இல் தொடங்கியது. ஆயிரம் ஏக்கருக்கும் மேலே பரந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டறைகளும் ஆலைகளும் நெருக்கியடித்து நிற்கும் இடம். இங்கே ஒரு பொருள் ஒரே கூரைக்குள் பிறந்து வளர்ந்து வெளியே போகாது. ராடு ஓர் இடத்தில் வெட்டுப்படும். லேத்துக்கு அடுத்த தெரு. ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு மூன்றாவது தெரு. பிளேட்டிங் முடிந்து பளபளவென்று மறுபடி முதல் இடத்துக்கே வந்து சேரும். இதற்குப் பெயர் ஜாப் ஒர்க். ஊரே ஒரு பெரிய தொழிற்சாலை, தெருக்கள்தான் அதன் கன்வேயர் பெல்ட்! கணக்கு எழுதுகிறவருக்கு இது சாதாரண விஷயம். எண்ண வந்த ஆடிட்டருக்கோ இதுதான் திருவிழா. புத்தகத்தில் ஆறாயிரம் புஷ் இருக்கும், கண்ணெதிரே நாலாயிரம்தான் இருக்கும். மீதி எங்கே என்று கேட்டால் ஸ்டோர்ஸ் அண்ணன் டெலிவரி சலான் கட்டை எடுத்து நீட்டுவார்.

“பிளேட்டிங் போயிருக்கு தம்பி. நாளைக்கு வந்துரும்.”

“எந்த பிளேட்டிங்ணே?”

“நம்ம வழக்கமா போடுறவருதான்.”

இந்த இடத்தில் சரி என்று தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போகிற பையனும் உண்டு. சலான் நம்பரைக் குறித்துக்கொண்டு, ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு, அந்த அண்ணனின் வண்டியிலேயே பின்னால் ஏறிப் போகிற பையனும் உண்டு. இரண்டாமவன் எழுதும் குறிப்பைப் படிக்கும்போது எனக்குச் சிலிர்க்கும். “மூன்றாவது ரேக், இடப்பக்கம், ஐந்து டிரே. நூறு எண்ணி எடை போட்டு மொத்தம் கணக்கிட்டது. இரண்டு டிரேயில் வேறு கம்பெனியின் துண்டுச் சீட்டு.” அந்தக் கடைசி வரியைப் பாருங்கள்! யாரும் அதைக் கேட்கவில்லை, அவனே கவனித்திருக்கிறான். செப்டம்பரில் அந்த இரண்டு டிரேதான் எங்களைக் காப்பாற்றியது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஆடிட்டர் போய் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது ஆதியிலிருந்து வந்த வழக்கம் இல்லை. 1896-இல் இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில் வழக்கு நடந்தது. மேலாளர் சரக்கைப் பல வருஷம் கூட்டிக் காட்டியிருந்தார், ஆடிட்டர் அவர் சான்றை நம்பிவிட்டார். நம்பியது தவறில்லை என்று கோர்ட் விட்டுவிட்டது. ஆடிட்டர் காவல் நாய், வேட்டை நாய் அல்ல என்ற பேச்சு அங்கிருந்து வந்ததுதான். பிறகு 1938-இல் அமெரிக்காவின் மெக்கெஸன் ராபின்ஸ் மருந்துக் கம்பெனி வெடித்தது. கணக்கில் கோடிக்கணக்கில் இருந்த சரக்கு கிடங்கில் இல்லை. கிடங்கே இல்லை! அதற்குப் பிறகுதான் சரக்கை நேரில் பார்ப்பதும், பாக்கிக்காரருக்கு நேராகக் கடிதம் எழுதிக் கேட்பதும் ஆடிட்டின் கட்டாயப் பழக்கமாயின. அந்த வண்டியின் பின்சீட்டில் பிளேட்டிங் பட்டறைக்குப் போகிற பையனுக்கு இது தெரிந்திருக்காது. அவனை அங்கே அனுப்பியது 1938-இல் காணாமல் போன அந்தக் கிடங்குதான்.

இப்போது காட்சி மாறுகிறது. செப்டம்பர் கடைசி வாரம். சி.டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, முதல் மாடியில் எங்கள் அலுவலகம். மேஜைமேல் ஃபைல், நாற்காலிமேல் ஃபைல், ஜன்னல் விளிம்பிலும் ஃபைல். பிரின்டர் சூடேறி ஒரு மாதிரி வாசம் வீசும். பொதுக்கூட்டத்துக்குக் கடைசி நாள், வரித் தணிக்கைக்கு வழக்கமான கடைசி நாள் என்று எல்லாம் 30-ஆம் தேதியிலேயே வந்து குவியும். அந்த வாரம் என் அலுவலகத்தில் யாரும் முழு வாக்கியத்தில் பேச மாட்டார்கள். “பிஎஃப்?” “கட்டியாச்சு.” “சலான்?” “வருது.” அவ்வளவுதான்!

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் எழுத்து நடக்கிறது. வெளியில் தெரியாத அழகு இதில்தான் இருக்கிறது.

ஆடிட் ரிப்போர்ட்டில் முக்கால்வாசி சொற்கள் தரநிலைகள் வகுத்துக் கொடுத்தவை, மாற்ற முடியாது. அப்படி இருந்தும் அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1913-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தில் ஐந்தொகை ‘உண்மையும் சரியும்’ ஆனதா என்று ஆடிட்டர் சொல்ல வேண்டியிருந்தது. 1956 சட்டம் ‘சரி’யை எடுத்துவிட்டு ‘நியாயம்’ என்று வைத்தது. கணக்கு என்பது பைசா சுத்தமான கூட்டல் மட்டுமில்லை, அதில் மதிப்பீடு இருக்கிறது, மனித முடிவு இருக்கிறது என்று சட்டமே ஒப்புக்கொண்ட தருணம் அது. ஒரே ஒரு சொல்லை மாற்றி ஒரு தொழிலின் சாரத்தையே மாற்றியிருக்கிறார்கள். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் கை தட்டத் தோன்றும்.

இன்னொன்று. முன்பெல்லாம் ஆடிட்டரின் கருத்து ரிப்போர்ட்டின் கடைசியில் வரும். திருத்திய தரநிலை 2018 ஏப்ரல் 1 முதல் தொடங்கிய கணக்காண்டுகளுக்கு நடைமுறைக்கு வந்ததும், கருத்து முதல் பத்திக்கு ஏறிவிட்டது. கிளைமாக்ஸ் முதல் ரீலிலேயே! வங்கி மேனேஜர் முதல் ஐந்து வரியைப் படித்தால் போதும், கம்பெனி எப்படி என்று தெரிந்துவிடும்.

அந்த ஐந்து வரிக்குள் வந்துவிடுமோ என்று எஸ்டேட் முதலாளிகள் எல்லாரும் பயப்படும் சொல் ஒன்று உண்டு. ‘தவிர’.

ஆங்கிலத்தில் ‘எக்ஸெப்ட் ஃபார்’. இன்ன விஷயம் தவிர மற்றபடி கணக்கு உண்மையும் நியாயமும் ஆனது. இது வந்துவிட்டால் ரிப்போர்ட் க்ளீன் இல்லை, ‘குவாலிஃபை’ ஆகிவிட்டது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன்: சாதத்தில் ஒரு கல் கிடக்கிறது, அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடலாம் என்றால் குவாலிஃபைடு. சாதமே ஊசிப்போயிருந்தால் அட்வர்ஸ். பானை மூடியையே திறக்க விடவில்லை என்றால் டிஸ்கிளெய்மர், அதாவது கருத்துச் சொல்ல இயலாது என்று கையை விரிப்பது. ‘தவிர’ வந்தால் அதற்கு டைரக்டர்கள் தங்கள் அறிக்கையில் விளக்கம் எழுத வேண்டும், அது கம்பெனியின் இயக்கத்தைப் பாதிக்கும் என்றால் பொதுக்கூட்டத்தில் வாசித்துக் காட்டவும் வேண்டும். இவ்வளவும் ஒரே சொல்லுக்காக!

அந்த வருஷம் எங்கள் டிராஃப்ட்டில் ‘தவிர’ இருந்தது. மூன்று ஜாப் ஒர்க் இடங்களில் கிடந்த சரக்குக்கு உறுதிக் கடிதம் வரவில்லை. தொகையும் சின்னதில்லை. முதலாளி ராத்திரி எட்டரைக்கு நேரில் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, லேத் ஓட்டத் தொடங்கி முதலாளி ஆனவர். உட்காரவில்லை.

“ஆடிட்டர் சார், அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துடுங்க. பேங்க்ல லிமிட் ரினியூவல் இருக்கு.”

“எடுக்கலாம் சார். எடுக்கறதுக்கு எனக்கு ஒரு காரணம் குடுங்க.”

“சரக்கு அங்கதான் சார் இருந்துச்சு. நான் சொல்றேன்ல.”

“நீங்க சொல்றதை நான் நம்பறேன். என் ஃபைல்ல உங்க குரலை ஒட்ட முடியாதே சார்.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததும் உட்கார்ந்தார். இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வம்பு என்று ஆரம்பித்தார். இல்லை சார் என்று நான் உத்திரமேரூர் கதையைச் சொன்னேன். முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோயில் சுவரில் வெட்டி வைத்த விதி இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடவோலையில் போடக் கூடாது. அவர் பெயரை மட்டுமா? அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது! “மச்சான் பேரும் கிடையாதா?” என்று அசந்துபோனார். அங்கிருந்து பேச்சு இளகியது.

அடுத்த நாள் அதிகாலையிலிருந்து நடந்ததைத்தான் உங்களுக்குக் காட்ட ஆசை. ஒரு சொல்லைத் துரத்திக்கொண்டு மூன்று பேர் மூன்று தெருவில் ஓடினோம். உறுதிக் கடிதத்தில் ஒரு விதி உண்டு. கடிதத்தை ஆடிட்டரே அனுப்ப வேண்டும், பதிலும் நேராக ஆடிட்டர் கைக்கே வர வேண்டும், நடுவில் கம்பெனி கை படக் கூடாது. சத்யம் மென்பொருள் கம்பெனி விவகாரத்தில் 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை பொய் என்று ஒப்புக்கொண்டார். வங்கி உறுதிக் கடிதங்களை ஆடிட்டர்கள் தங்கள் கையில் வைத்திருக்கவில்லை என்பதே பின்னால் எழுந்த முக்கியக் குற்றச்சாட்டு. அதனால் எங்கள் பெண் ஒருத்தி கடிதத்தைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்து, பட்டறை முதலாளியின் கையெழுத்தை நேராக வாங்கிவந்தாள். இரண்டாமவன் இன்றைய சரக்கை எண்ணி, ஏப்ரலிலிருந்து வந்ததைக் கழித்து, போனதைக் கூட்டி, மார்ச் 31-க்குப் பின்னோக்கி நடந்தான். மூன்றாமவன்? அவன்தான் அந்த இரண்டு டிரே பையன். “சார், அன்னிக்கு வேற கம்பெனி சீட்டு இருந்துச்சே, அந்த ரெண்டு டிரேவைக் கழிச்சாதான் டேலி ஆகும்” என்றான். கழித்தோம். டேலி ஆனது!

அறையில் ஒரு கூச்சல் கிளம்பியது பாருங்கள், கீழே டீக்கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார்.

கருத்துப் பத்தியிலிருந்து ‘தவிர’ போய்விட்டது. போனாலும் விஷயம் மறையவில்லை. கம்பெனிகளுக்கான ஆடிட்டர் ரிப்போர்ட் ஆணை, 2020 என்று ஒன்று இருக்கிறது. ‘காரோ’ என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். 21 உட்பிரிவு. அதில் ஒன்று அம்பத்தூருக்கென்றே எழுதியது போல இருக்கும். ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு வாங்கிய கம்பெனி, வங்கிக்குக் காலாண்டுதோறும் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா, போகவில்லை என்றால் எவ்வளவு வித்தியாசம் என்று ஆடிட்டர் சொல்ல வேண்டும். வங்கியிலிருந்து எடுக்கக்கூடிய தொகையான டிராயிங் பவர் குறையக் கூடாதென்று சரக்கைக் கொஞ்சம் ‘ஏத்தி’க் கொடுக்கும் பழக்கத்தைக் காட்டிக்கொடுக்க அந்த ஒரு பத்தி போதும். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நாலு வரி அட்டவணை. பக்கத்தில் வித்தியாசம். பெயரடை ஒன்றுகூடக் கிடையாது, எண்கள் மட்டும்தான். இதைவிடச் சத்தமாக ஒரு ரிப்போர்ட் பேச முடியாது.

இதே காலத்தில் வந்த மற்ற மாற்றங்களும் ரிப்போர்ட்டுக்குள் புது வரிகளைக் கொண்டுவந்தன. 2023 ஏப்ரலிலிருந்து கணக்கு மென்பொருளில் திருத்தங்களைப் பதிந்துவைக்கும் எடிட் லாக் இருக்க வேண்டும், அது வருஷம் முழுக்க அணைக்கப்படாமல் ஓடியதா என்று நாங்கள் சொல்ல வேண்டும். அதற்கு அடுத்த மார்ச்சில் எஸ்டேட்டே ஒரே பேச்சாக ‘உத்யம் சர்டிஃபிகேட் இருக்கா’ என்று கேட்டுக்கொண்டிருந்தது. உத்யம் பதிவு பெற்ற சிறு, குறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வருஷத்தில்தான் வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியும் என்ற விதி வந்த நேரம் அது. இங்கே எல்லாரும் ஒருவருக்கொருவர் கொடுக்கவும் வேண்டும், வாங்கவும் வேண்டும். ஒரே ஆள் காலையில் பாக்கி கேட்டுப் போன் போடுவார், மாலையில் தன்னிடம் பாக்கி கேட்பவரின் போனை எடுக்க மாட்டார்!

சரி, எழுதும் அறைக்குத் திரும்புவோம். எங்கள் அலுவலகத்தில் ஓர் எழுதாத சட்டம் இருக்கிறது. ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் எந்தப் பத்தியையும் முதலில் தமிழில் வாயால் சொல்ல வேண்டும்.

இது எப்படி வந்தது தெரியுமா? பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு பெண், சேர்ந்து ஆறு மாதம், அந்த லேத் முதலாளியின் கம்பெனி நிர்வாகத்துக்குப் போகும் கடிதத்தில் இப்படி எழுதியிருந்தாள்: ‘இட் வாஸ் அப்சர்வ்ட் தட் கன்ட்ரோல்ஸ் ஓவர் ஜாப் ஒர்க் இன்வென்ட்டரி நீட் டு பி ஸ்ட்ரெங்தன்ட்.’ இலக்கணம் சுத்தம். பழைய ஃபைல்களில் நூறு தடவை வந்த வாக்கியம். “இதைத் தமிழ்ல சொல்லும்மா” என்றேன். “ஜாப் ஒர்க் சரக்கு மேல கட்டுப்பாட்டை வலுப்படுத்தணும்னு கவனிக்கப்பட்டது சார்.” “யார் கவனிச்சா?” “நான்தான் சார்.” “என்ன கவனிச்ச?” அவ்வளவுதான், மடை திறந்தது! சலான் எழுதுகிறவரும் திரும்பி வரும் சரக்கை வரவு வைக்கிறவரும் ஒரே ஆள், அவர் லீவில் போனால் யாருமே எழுதுவதில்லை, தீபாவளி வாரத்தில் ஒரு வரிகூட இல்லை, கேட் செக்யூரிட்டி நோட்டில் மட்டும் வண்டி வந்தது இருக்கிறது. இத்தனையும் அவளுக்குத் தெரியும். ஆங்கில வாக்கியம் இத்தனையையும் விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

தமிழில் யோசித்தால் ‘யார்’ வந்துவிடும். ‘எவ்வளவு’ வந்துவிடும். ஸ்டோர்ஸ் அண்ணன் முகம் வந்துவிடும். அவள் திரும்ப எழுதியதன் உருவத்தைக் காட்டுகிறேன், எண்கள் மட்டும் இங்கே நான் இட்டவை:

‘ஜூலை முதல் டிசம்பர் வரை ஜாப் ஒர்க்குக்குப் போன 40 சலான்களைப் பார்த்தோம். சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்ப வேண்டும், திரும்பியதைப் பதிய வேண்டும். 9 சலான்களுக்குத் திரும்பிய பதிவு இல்லை. அவற்றின் மதிப்பு 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய். அனுப்புவதையும் பெறுவதையும் ஒருவரே எழுதுகிறார், அவர் விடுப்பில் மாற்று ஆள் இல்லை. சரக்கு தொலைந்தாலும் தெரியாது, ஒரு வருஷம் தாண்டினால் ஜி.எஸ்.டி.யும் வட்டியும் சேரும். பெறுவதைக் கேட் நோட்டிலிருந்து வேறொருவர் எழுதட்டும். மாதம் ஒரு நாள் இரண்டையும் ஒப்பிடட்டும்.’

உள்தணிக்கைப் பாடப்புத்தகம் சொல்லும் ஐந்தும் இதில் வந்துவிட்டன: எது இருக்க வேண்டும், எது இருக்கிறது, ஏன், அதனால் என்ன, என்ன செய்யலாம். அவள் அந்தப் பாடத்தைப் படித்து எழுதவில்லை. வாய்விட்டுச் சொன்னாள், ஐந்தும் தானாக வந்து வரிசையில் நின்றன. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

எழுதிய பத்தியை ஸ்டோர்ஸ் அண்ணனுக்குப் போனில் தமிழில் வாசித்துக் காட்டுவது அடுத்த படி. அவர் “ஆமா தம்பி” என்று மட்டும் சொன்னால் எனக்குச் சந்தேகம். “இல்ல இல்ல, ஒன்பது இல்ல, எட்டு, ஒண்ணு மாத்திக் குடுத்தாங்க” என்று சண்டைக்கு வந்தால் பத்தி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். திருத்திவிட்டு அப்படியே வைத்துக்கொள்வேன்.

இந்தச் சண்டைக்கு முறையாக இடம் போட்டுக் கொடுத்தவர்கள் அரசுத் தணிக்கைக்காரர்கள். அதற்கு ஆவடி வரைக்கும் ஒரு நடை போக வேண்டும். 1955 ஜனவரியில் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில்தான் சோஷலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியது. அரசு தானே தொழில் நடத்தப் போகிறது என்றால் அதன் கணக்கை யார் பார்ப்பது? அடுத்த ஆண்டு வந்த கம்பெனிச் சட்டம் அரசுக் கம்பெனிகளுக்கென்று தனிப் பிரிவு வைத்து, இந்தியக் கணக்கு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவரை, அதாவது சி.ஏ.ஜி.யை, உள்ளே கொண்டுவந்தது. அதே ஆவடியில் 1961-இல் ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரி வந்தது. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்தது. அறுபது வருஷம் அது கம்பெனி இல்லை, அரசின் ஓர் அங்கம். அதனால் அதற்கென்று கம்பெனிச் சட்டப்படி ஒரு ஐந்தொகை கிடையாது, ஆடிட்டர் கருத்து கிடையாது. 2021 செப்டம்பர் 23 அன்று 118 அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் வந்தது. சரியாக எட்டு நாள் கழித்து, அக்டோபர் 1 அன்று, அந்த ஆலையை நடத்திவந்த ஆர்டனன்ஸ் ஃபேக்டரி போர்டு கலைந்து ஏழு கம்பெனிகள் ஆனது. அதில் ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகம் லிமிடெட்டுக்குத் தலைமையகமே ஆவடி. ஒரே விடியலில், டாங்கி செய்யும் ஆலை ‘உண்மையும் நியாயமும்’ என்ற வாக்கியத்துக்குள் வந்துவிட்டது! அரசுக் கம்பெனியின் ஆடிட்டரை நியமிப்பவர் சி.ஏ.ஜி. அந்த ஆடிட்டர் ரிப்போர்ட் கொடுத்த பிறகும் 60 நாளைக்குள் தானே துணைத் தணிக்கை செய்து கருத்துச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ரிப்போர்ட்டுக்கே ஒரு ரிப்போர்ட்!

ஆனால் ஆவடி பக்கம் என்னை மயக்கியது வேறு. அரசுத் தணிக்கையில் ‘ஹாஃப் மார்ஜின்’ என்று ஒரு தாள் உண்டு. பக்கத்தை நெடுக்காக இரண்டாக மடிப்பார்கள். ஒரு பாதியில் தணிக்கையாளரின் கேள்வி. மறுபாதி காலி. அந்தக் காலியிடம் பதில் சொல்ல வேண்டியவருக்கு. எதிராளியின் குரலுக்கு முதலிலேயே அரைப் பக்கத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! இந்தத் தாளில் தீராதது ஆய்வறிக்கைக்குப் போகும். அங்கேயும் தீராமல் கனமாக இருந்தால் வரைவுப் பத்தியாகி, சி.ஏ.ஜி. அறிக்கையில் ஏறி, குடியரசுத் தலைவர் வழியாக நாடாளுமன்ற மேஜைக்கும், அங்கிருந்து பொதுக் கணக்குக் குழுவுக்கும் போகும். ஓர் அலுவலக அறையில் மடித்த தாள் தில்லி வரைக்கும் நடக்கும் நடை அது. ஓய்வு பெற்ற ஒரு தணிக்கை அதிகாரி எனக்கு அந்தத் தாளை மடித்துக் காட்டிய நாளிலிருந்து எங்கள் டிராஃப்ட் எல்லாம் ஹாஃப் மார்ஜின்தான். இடப்பக்கம் நாங்கள், வலப்பக்கம் அவர்கள். நாங்கள் ‘கட்டுப்பாடு இல்லை’ என்று எழுதினால் வலப்பக்கம் காலியாகவே திரும்பி வரும். ‘9 சலான்’ என்று எழுதினால் வலப்பக்கம் நிரம்பி, பின்பக்கமும் நிரம்பி வரும்!

கடைசி இரவைச் சொல்லாமல் உங்களை அனுப்பினால் பாவம். செப்டம்பர் 30, மணி பதினொன்று. எல்லாப் பக்கமும் ஒருமுறை உரக்க வாசிக்கப்படும். ஒருவர் வாசிக்க, ஒருவர் எண்ணைத் தொட்டுக்கொண்டே வர, மூன்றாமவர் பேரேட்டோடு ஒத்துப் பார்ப்பார். கோயிலில் பாராயணம் போல இருக்கும். பிறகு யு.டி.ஐ.என். 2019 ஜூலை 1 முதல் நாங்கள் கையெழுத்திடும் எல்லாத் தணிக்கை ரிப்போர்ட்டுக்கும் 18 எழுத்து எண் ஒன்று வேண்டும். முதல் இரண்டும் ஆண்டைக் குறிக்கும், அடுத்த ஆறு என் உறுப்பினர் எண், மீதிப் பத்து கணினி தருவது. ஆடிட்டர் அல்லாதவர்கள் ஆடிட்டர் பெயரில் போலிச் சான்று கொடுத்ததால் வந்த ஏற்பாடு. யார் வேண்டுமானாலும் அந்த எண்ணை இன்ஸ்டிட்யூட் தளத்தில் தட்டிப் பார்க்கலாம். அந்தப் பதினெட்டும் திரையில் மின்னும் கணத்தில் பிள்ளைகள் பின்னால் வந்து நிற்பார்கள். யாரும் பேச மாட்டார்கள். நான் பேனாவைத் திறப்பேன்.

அந்த லேத் முதலாளியின் ஆலைக்கு அடுத்த மார்ச் 31-இல் நானே போனேன். ஸ்டோர்ஸ் வாசலில் புதிதாக ஒரு கரும்பலகை. சலான் நம்பர், போன தேதி, எந்தப் பட்டறை, வந்த தேதி என்று நாலு கட்டம், சாக்பீஸில் கோணல்மாணலாக. பெறுவதை எழுத வேறொரு பையனைப் போட்டிருந்தார்கள். பலகையின் உச்சியில் ஸ்டோர்ஸ் அண்ணன் கையெழுத்தில் ஒரு தலைப்பு இருந்தது: ‘பாரா 4’.

“இது என்னண்ணே?” என்று எங்கள் பூந்தமல்லிப் பெண் கேட்டாள்.

“நீ எழுதுனதுதான்மா” என்றார் அவர். “வா, இன்னிக்கு ஆறு சலான்தான் வெளியில. எண்ணிட்டு வரலாம்.”